மணற்கடல் கடந்தவர்

தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை வழியாக மேற்கே செல்லும் சாலையை உங்களுள் பலர் அறிந்திருப்பீர்கள். அச்சாலை ஒரகடத்தை அணுகுமிடத்து, முன்பு வயலும் ஏரியுமாக விளங்கிய நிலப்பரப்பில் இன்று தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கக் காணலாம். 1955-ஆம் ஆண்டில் சென்னையில் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2013-ஆம் ஆண்டில் ஒரகடத்தில் பெரியதொரு தொழிற்சாலையைத் திறந்தது. அருகிலுள்ள வல்லம் வடகாலில் அந்நிறுவனமும் யமகா நிறுவனமும் வண்டிகளைச் செய்து வருகின்றன. ஓசூரில் டி.வி.எஸ். நிறுவனத்தின் தொழிற்சாலை உள்ளது. நீங்கள் பள்ளிக்கு நடந்து வரும்போது உங்களைக் கடந்து விரையும் வண்டிகளுள் பலவற்றின் திருகாணிகள் நம் ஊர்க்காரர் கையால் முடுக்கப்பட்டவை.

இரு சக்கர மோட்டார் வண்டிகளை மிகுதியாகச் செய்யும் நாடுகளுள் நம் நாடு முன்னணியில் நிற்கின்றது. அவற்றை மிகுதியாக ஓட்டும் மக்களும் நம்மவரே. அங்ஙனமிருந்தும், மோட்டார் சைக்கிள் ஓட்டத்தில் மிகக் கடினமானது என்று உலகத்தார் பலரும் ஒப்பும் போட்டி ஒன்றை 2015-ஆம் ஆண்டு வரையில் இந்தியர் ஒருவரும் ஓடி முடித்ததில்லை. அவ்வாண்டு சனவரித் திங்களில் அதனை முதன்முதலாக ஓடி முடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ் என்பவர். அவர் பெற்ற இடம் முப்பத்தாறாவது.

முப்பத்தாறாம் இடம் பெற்ற ஒருவரைப் பற்றிப் பாடம் எழுதுவானேன் என்று நீங்கள் வினவக்கூடும். முதலிடம் பெற்றோரையே பாராட்டிப் பழகிய நமக்கு இவ்வினா எழுவது இயல்பு. இதற்கு விடை காண வேண்டுமாயின், அவர் ஓடிய ஓட்டம் எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்னும் ஒரு பெயரால் நாம் வழங்குவது உண்மையில் ஒரு விளையாட்டு அன்று, பல விளையாட்டுகள். சென்னை மக்கள் நெடுங்காலமாக அறிந்தது தார்ச்சாலைப் பந்தயம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்து, பின்னர்ப் பயனின்றிக் கிடந்த சோழவரம் விமானத் தளத்தில், 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் சங்கத்தார் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தினர். பின்னர் அவர்களே பெங்களூர்ப் பெருஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்கு இப்பால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே தனித்தடம் அமைத்தனர். அஃது 1990-இல் திறக்கப்பட்டது. அத்தடத்தின் முழுச்சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர்; திருப்பங்கள் பன்னிரண்டு. ஒருவன் அதில் நூறு சுற்று ஓடினானாயின் அத்தடத்தின் ஒவ்வொரு வளைவும் அவனுக்குத் தன் வீட்டு முற்றம் போலப் பழகிவிடும்.

மேலை நாடுகளில் வேறொரு பந்தயம் உண்டு. அதனை 'ஸ்பீட்வே' என்பர். 1920-களில் ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, 1928-இல் இங்கிலாந்துக்கு வந்து, இன்று போலந்து, சுவீடன் முதலிய நாடுகளில் பெருங்கூட்டத்தைக் கவர்ந்து வருவது அது. முட்டை வடிவில் அமைந்த மண் தடத்தில் நால்வர் நான்கு சுற்று ஓடுவர். ஒரு நிமிடம் அளவில் ஓட்டம் முடிந்துவிடும். அவ்வண்டிகளுக்குப் பிரேக் என்பதே இல்லை! பல்சக்கர மாற்றமும் ஒன்றே. பின்சக்கரத்தை மண்ணில் வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்புறம் திருப்பி, அவ்வழுக்கலாலேயே வளைவைக் கடப்பர். நியூசிலாந்து நாட்டு ஐவன் மாகர் என்பவர் 1968-க்கும் 1979-க்கும் இடையில் ஆறு முறை இவ்விளையாட்டில் உலக வாகை சூடினார். இனி, மண்மேடுகளைச் செயற்கையாகக் குவித்து, அவற்றின்மேல் வண்டியோடு பாய்ந்து கடக்கும் 'சூப்பர்கிராஸ்' பந்தயம் மற்றொரு வகை. இது நம் நாட்டிலும் பல நகரங்களில் நடைபெறுவது. சந்தோஷ் முதலில் பயின்றதும் புகழ்பெற்றதும் இத்துறையிலேதான். 1983-இல் பிறந்த அவர், இளமையிலேயே மண்தடத்தில் இறங்கித் தேசிய அளவில் வாகையராக விளங்கினார்.

இங்கே ஒன்று சொல்லிச் செல்லுதல் வேண்டும். யான் குடியிருக்கும் சேலையூர்ப் பகுதியில் இரவு பதினொரு மணிக்கு மேல் வண்டிகளின் உறுமலைக் கேட்பது வழக்கம். ஜி.எஸ்.டி. சாலையிலும், வண்டலூர் கேளம்பாக்கம் சாலையிலும் இளைஞர் சிலர் ஒருவரையொருவர் முந்துவதைப் பந்தயம் என்று எண்ணி மகிழ்கின்றனர். அது பந்தயம் அன்று. பந்தயத்தில் எதிரே லாரி வாராது. சாலையைக் கடக்கும் கிழவி இராள். ஓடுபவன் தன் உயிரை மட்டுமே பணயம் வைப்பான். பிறர் உயிரை அவர் இசைவின்றிப் பணயம் வைப்பவனுக்கு வீரன் என்ற பெயர் பொருந்தாது. சந்தோஷ் போன்றோர் தலைக்கவசம், மார்புக்கவசம், கழுத்துப்பட்டை, முழங்காற் காப்பு ஆகிய அனைத்தையும் அணிந்த பின்னரே வண்டியின்மேல் கால் தூக்கி வைப்பர். நம் தெருவீரர்களோ தலைக்கவசத்தைக் கண்ணாடிக் கம்பியில் மாட்டிக்கொண்டு விரைகின்றனர்!

இனி, அப்பெரும் போட்டியின் வரலாற்றைக் காண்போம். 1977-ஆம் ஆண்டில் தியெரி சபீன் என்னும் பிரெஞ்சுக்காரர், ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு போட்டியில் மோட்டார் சைக்கிள் ஓட்டிச் சென்று, லிபியப் பாலைவனத்தில் வழி தவறினார். நீரின்றி உயிர்போகும் நிலையில் மீட்கப்பட்டார். மீண்டு வந்தவர் அந்நிலத்தை வெறுக்கவில்லை. அதன் பேரமைதி அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. தாம் கண்டதைப் பிறரும் காணல் வேண்டும் எனக் கருதி, பாரிசு நகரிலிருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள டக்கார் நகர் வரையில் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் ஓடும் போட்டியை அமைத்தார். முதல் ஓட்டம் 1978-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் புறப்பட்டது. சபீன் 1986-இல், அப்போட்டியின்போதே, ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். போட்டி நிற்கவில்லை. ஆப்பிரிக்காவில் பாதுகாப்பு குன்றியமையால் 2008-இல் ஓட்டம் கைவிடப்பட்டது. 2009 முதல் 2019 வரையில் தென் அமெரிக்காவில் நடந்தது. 2020 முதல் சவூதி அரேபியாவில் நடைபெற்று வருகின்றது. இடம் மாறினும் டக்கார் என்ற பெயர் மாறவில்லை.

இப்போட்டியில் சுற்றித் திரும்பும் தடம் இல்லை. ஒரு முறை கடந்த இடத்திற்கு மறுமுறை வருதலும் இல்லை. ஆகவே பழக்கம் என்பது இங்கு உதவாது. ஏறத்தாழ இரண்டு வாரம், நாள்தோறும் புதிய நிலம். மணற்குன்று, கூழாங்கல் வெளி, வறண்ட ஆற்றுப்படுகை, மலைக்கணவாய் என மாறி மாறி வரும். நம் முன்னோர் ஐந்திணை வகுத்துப் பாலைக்கும் ஓர் இடம் தந்தனர் ஆயினும், எக்காலமும் மணலேயாய்க் கடல்போற் பரந்த நிலம் தமிழகத்தில் இல்லை. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் நடந்து பார்த்தவர் ஓரளவு உணர்வர். அங்கே ஓரடி வைத்தால் அரையடி பின்வாங்கும். அத்தகைய மணலில், எரிபொருள் நிறைந்த கனத்த வண்டியை, கால்வைக்கும் கட்டையின்மேல் எழுந்து நின்றவாறே பல மணிநேரம் செலுத்துதல் வேண்டும். மணற்குன்றின் உச்சிக்குச் சென்றாலன்றி அப்பால் இருப்பது சரிவோ பள்ளமோ தெரியாது. விரைவு குறைந்தால் சக்கரம் புதையும். மிகுந்தால் வண்டி காற்றில் பறந்து விழும்.

வழி காண்பது அதனினும் அரிது. உங்கள் வீட்டார் கைப்பேசியில் ஊர்ப்பெயரைச் சொன்னால், இடப்புறம் திரும்புக, வலப்புறம் திரும்புக என்று அது கூறிக்கொண்டே வரும். டக்கார் ஓட்டத்தில் அத்தகைய உதவிக்கு இடமில்லை. 'ரோடு புக்' எனப்படும் வழிக்குறிப்புச் சுருள் ஒன்றே துணை. பழங்காலத்து ஓலைச்சுருள் போல நீண்ட தாள்; அதில் இத்தனை கிலோமீட்டரில் பள்ளம், இத்தனையில் திசைமானியின் இன்ன பாகைக்குத் திரும்புக என்பன போன்ற குறிப்புகள் சிறு சிறு படங்களாக இருக்கும். 2015-இல் அதனை முதல்நாள் மாலையில் தருவர். நாள் முழுதும் ஓடிக் களைத்தவர் கூடாரத்தில் அமர்ந்து, ஆபத்துக்கு ஒரு நிறம், திருப்பத்துக்கு ஒரு நிறம் என வண்ணக்கோல் கொண்டு அடையாளம் இடுவர். மறுநாள் அச்சுருளைக் கைப்பிடிக்கு மேலுள்ள பெட்டியில் இட்டு, ஓடும்போதே இடக்கைப் பெருவிரலால் பொத்தானை அழுத்திச் சுருட்டிக்கொண்டே படித்தல் வேண்டும். ஒரு கண் தாளில். மறு கண் தரையில். ஆண்டு முழுதும் படியாது தேர்வுக்கு முன்னிரவில் ஏட்டைப் புரட்டும் மாணவனுக்கு இவ்வோட்டம் சிறிதும் ஒவ்வாது. அண்மை ஆண்டுகளில் தாட்சுருளுக்கு மாறாக மின்திரையும் வந்துவிட்டது. ஆயினும் வழியைத் தானே கண்டறிய வேண்டும் என்னும் விதி மாறவில்லை.

எந்திரத்தின் அளவு 450 சி.சி.க்கு மேற்படலாகாது என்பது 2011 முதல் உள்ள விதி. சில நாள்களில் இரவு தங்குமிடத்தில் எந்திரவினைஞர் எவரும் வண்டியைத் தொடலாகாது. ஓடியவரே தம் வண்டியைத் தாமே செப்பம் செய்துகொள்ள வேண்டும். ஆகவே ஓட்ட மட்டும் தெரிந்தவன் இங்குக் கடைபோகான்.

இத்துணைக் கடுமையான போட்டிக்குச் சந்தோஷ் திடீரெனச் சென்றுவிடவில்லை. மண்தடப் பந்தயத்தில் பெயர் பெற்றபின், அவர் நெடுந்தொலைவு ஓட்டத்தின்பால் கருத்தைச் செலுத்தினார். இமயமலைக் கணவாய்களினூடே நடைபெற்ற 'ரெயிட் டி ஹிமாலயா' போட்டியில் ஓடினார். பின்னர்ப் பிறநாட்டுப் பாலைவனங்களை நாடினார். 2013-ஆம் ஆண்டில் அபுதாபிப் பாலைவனப் போட்டியில் அவர் வண்டி தீப்பற்றியது. கழுத்தில் கடுமையான தீப்புண் ஏற்பட்டது. அவ்வடுவைத் தாங்கியவராகவே அவர் பாலைவனத்திற்குத் திரும்பினார். நம் நாட்டில் அக்காலத்தில் இத்துறையில் அவருக்கு வழிகாட்ட முன்னோடி எவரும் இலர். கிரிக்கெட்டு ஆடும் சிறுவனுக்குத் தெருவிற்கு ஓர் ஆசான் கிடைப்பான். பாலைவனத்தில் வண்டி ஓட்டக் கற்பிப்போர் இங்கு யாவர்? பொருளுதவியும் எளிதன்று. பெருநிறுவனங்களின் குழுக்களில் ஓடுவோர்க்கு எந்திரவினைஞர், மருத்துவர், உதிரி உறுப்புகள் என அனைத்தும் காத்திருக்கும். சந்தோஷ் 2015-இல் அத்தகைய தொழிற்சாலைக் குழு எதனையும் சாராமல், உதவ முன்வந்த ஆதரவாளர் சிலரின் துணையோடு சென்றார்.

2015 சனவரி 4-ஆம் நாள் அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸிலிருந்து ஓட்டம் புறப்பட்டது. அர்ஜென்டினா, சிலி, பொலிவியா ஆகிய மூன்று நாடுகளைச் சுற்றி, சனவரி 17-ஆம் நாள் புறப்பட்ட நகருக்கே மீளுதல் வேண்டும். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர். முதல் நாள் மட்டுமே 800 கிலோமீட்டருக்கு மேல். தாம்பரத்தில் காலையில் புறப்பட்டுக் கன்னியாகுமரி சென்று சேர்ந்தாலும் அத்துணைத் தொலைவு ஆகாது. நாம் செல்வதாயின் விழுப்புரத்தில் காப்பி அருந்தி, மதுரையில் உணவுண்டு, பேருந்தில் உறங்கிக்கொண்டே செல்வோம். அவர்கள் அத்தொலைவின் ஒரு பகுதியைப் போட்டி விரைவிலும், எஞ்சியதைச் சாலை விதிப்படியும் தனியே ஓடிக் கடந்து, மறுநாள் விடியுமுன் மீண்டும் எழுதல் வேண்டும்.

அவ்வாண்டு ஓட்டத்தில் யாவர் நெஞ்சையும் நடுக்கியது பொலிவியாவின் உயூனி உப்புவெளி. ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையதாய், கடல்மட்டத்திற்கு 3,650 மீட்டர் உயரத்தில் உள்ளது அது. நம் உதகமண்டலத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உயரம். வேதாரணியத்து உப்பளத்தை நினைத்துக்கொண்டு, அதனை மலைமேல் ஏற்றி, அடிவானம் வரை விரித்துப் பாருங்கள். அவ்வாண்டு மழை பெய்து உப்புவெளியின்மேல் நீர் தேங்கியிருந்தது. வண்டிகள் விரைந்தபோது உப்புநீர் தெறித்து எந்திரத்தின்மேல் படிந்தது. சூட்டில் நீர் வற்ற, உப்பு கட்டியாய் இறுகிக் குளிர்விக்கும் கலத்தின் கண்களை அடைத்தது, மின்கம்பிகளைக் கெடுத்தது. வெற்றி பெறுவர் என எதிர்பார்க்கப்பட்ட பெருவீரர் சிலரே அங்கு வண்டி பழுதுற்று வாய்ப்பை இழந்தனர். குளிரோ எலும்பை ஊடுருவுவது. மூச்சுக்குக் காற்றும் போதாது. அவ்வாண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேரே இறுதிவரை வந்து சேர்ந்தனர். போலந்து நாட்டு வீரர் ஒருவர் மூன்றாம் நாள் ஓட்டத்திலேயே உயிர் நீத்தார்.

அந்தப் பாதிப்பேருள் ஒருவர் சந்தோஷ். முப்பத்தாறாம் இடம் என்பதன் பொருள் இப்பொழுது உங்களுக்கு விளங்கியிருக்கும். உலகெங்குமிருந்து தேர்ந்து வந்தவர்களுள், அவருக்கு முன் முப்பத்தைவர் முடித்தனர் என்பது ஒன்று. அவருக்குப் பின்னும் பலர் முடித்தனர், அவர்களினும் பலர் முடிக்காமலே நின்றனர் என்பது மற்றொன்று. வெற்றி பெற்றவர் ஸ்பெயின் நாட்டு மார்க் கோமா. அஃது அவருக்கு ஐந்தாம் வெற்றி. கோமா ஓடிய நாட்டில் அவருக்கு முன்னும் பின்னும் வீரர் பலர் உண்டு. சந்தோஷுக்கு முன் நம் நாட்டில் ஒருவரும் இலர். காட்டில் முதலில் நடப்பவன் மெல்லவே நடப்பான். முள்ளை விலக்கும் வேலையும் அவனுடையதன்றோ?

அடுத்த ஆண்டு, 2016-இல், அவரால் ஓட்டத்தை முடிக்க இயலவில்லை. பின்னர் இந்திய நிறுவனமாகிய ஹீரோ தனக்கென ஒரு குழுவை அமைத்தபோது அதில் சேர்ந்தார். அக்குழுவுக்காக 2017-இல் நாற்பத்தேழாம் இடத்திலும், 2018-இல் முப்பத்துநான்காம் இடத்திலும் முடித்தார். 2019-இல் வீழ்ந்து இடையிலேயே விலக நேர்ந்தது. இடங்களின் எண்ணை மட்டும் பார்ப்போர்க்கு இவ்வரலாறு ஏறியும் இறங்கியும் செல்வதாகத் தோன்றும். உண்மையும் அதுவே. ஆண்டுதோறும் படிப்படியாக உயர்ந்தார் என்று எழுத எனக்கும் விருப்பந்தான். ஆயினும் பாலைவனம் அங்ஙனம் ஒழுங்காகப் படி அமைத்துத் தருவதில்லை.

2020-ஆம் ஆண்டில் ஹீரோ குழுவில் சந்தோஷுடன் ஓடியவர் போர்ச்சுகல் நாட்டுப் பாவுலோ கொன்சால்வெஸ். அவரைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். 2016-ஆம் ஆண்டு ஓட்டத்தில், கொன்சால்வெஸ் முன்னணியில் இருந்த நாள் ஒன்றில், ஆஸ்திரிய நாட்டு மத்தியாஸ் வால்க்னர் தொடையெலும்பு முறிந்து தரையிற் கிடக்கக் கண்டார். ஒவ்வொரு நொடியும் கணக்கிடப்படும் ஓட்டம், கிடப்பவர் எதிர்க்குழுவினர். கொன்சால்வெஸ் வண்டியை நிறுத்தினார். உதவி வரும் வரையில் அவர் அருகிலேயே இருந்து, பின்னரே புறப்பட்டார். இவ்வாறு பிறருக்கு உதவி இழந்த நேரத்தைப் பின்னர்க் கணக்கில் கழித்துத் தருவது இப்போட்டியின் வழக்கம். ஆயினும் நிற்கும் அக்கணத்தில் கணக்கை யார் நினைப்பர்? 2020-இல் மூன்றாம் நாள் அவர் வண்டியின் எந்திரம் பழுதுற்றது. வெற்றி வாய்ப்புப் போயிற்று என்று அறிந்தும், பல மணிநேரம் காத்திருந்து எந்திரத்தை மாற்றி, ஓட்டத்தைத் தொடர்ந்தார்.

அவ்வாண்டு சனவரி 12-ஆம் நாள், ஏழாம் நாள் ஓட்டத்தில், கொன்சால்வெஸ் வீழ்ந்து உயிர் துறந்தார். வயது நாற்பது. அவர் அருகில் முதலில் வந்து நின்றவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலிய நாட்டு டோபி பிரைஸ். முந்தைய ஆண்டின் வெற்றியாளர். அவரும் தம் போட்டியை மறந்து அங்கேயே நின்றார். மறுநாள் மோட்டார் சைக்கிள் ஓட்டம் நிறுத்தப்பட்டது. ஹீரோ குழுவினர் அனைவரும் போட்டியிலிருந்து விலகினர். சந்தோஷும் விலகினார். ஓடி முடிப்பதே உயர்வு என்று இதுகாறும் கூறி வந்தேன். முடிக்காமல் நிற்பது உயர்வாகும் நேரமும் உண்டு என்பதை அந்நாள் காட்டிற்று.

ஓராண்டு சென்றது. 2021 சனவரியில் சந்தோஷ் மீண்டும் அரேபியப் பாலையில் இறங்கினார். சனவரி 6-ஆம் நாள், நான்காம் நாள் ஓட்டத்தில், அவர் வீழ்ந்தார். தலையில் பலத்த அடி. ஹெலிகாப்டரில் ரியாத் நகர மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். மூளைக்கு ஓய்வளித்தற்பொருட்டு மருத்துவர் அவரை மருந்தினால் ஆழ்ந்த மயக்கத்தில் வைத்தனர். பெங்களூரில் அவர் குடும்பத்தார் எவ்வாறு அந்நாள்களைக் கழித்திருப்பர் என்பதை எழுத எனக்குச் சொல் இல்லை. சில நாள்களுக்குப் பின் நினைவு திரும்பியது. அத்திங்களுக்குள்ளேயே தாயகம் கொண்டுவரப்பட்டுச் சிகிச்சை பெற்றுத் தேறினார்.

தோழர் ஒருவர் மாண்ட நிலத்திற்கு மறு ஆண்டே அவர் சென்றது தகுமா? இவ்வினாவை யான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. நம் பழந்தமிழர் போரில் முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றினர். வீழ்ந்தோர்க்கு நடுகல் நாட்டினர். ஆனால் அவர் பொருதது ஊரையும் ஆநிரையையும் காத்தற்பொருட்டு. பாலைவனத்தில் வண்டி ஓட்டுவதால் எவ்வூர் காக்கப்படும்? எனவே அவ்வொப்புமை முழுதும் பொருந்தாது. மறுபுறம், இமயத்தின் முடியில் ஏறியவரையும், கடலைத் தனியே நீந்தியவரையும், அதனால் யாது பயன் என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மனித உடலும் உள்ளமும் எதுவரை தாங்கும் என்பதை ஒருவர் தம் உடலிலேயே சோதித்து நமக்கு அறிவிக்கின்றார் என்றே கொண்டோம். சந்தோஷ் தம் உயிரைத் தாமே எடைபோட்டுச் சென்றவர். அறியாச் சிறுவர் அல்லர். அவ்வெடை சரியா தவறா என்று தாம்பரத்தில் நாற்காலியில் அமர்ந்து தீர்ப்புக் கூற யான் துணியேன். அவர் குடும்பத்தார் பட்ட துயரையும் அவ்வெடையில் சேர்த்தல் வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

ஒன்று உறுதி. அப்போட்டியை நடத்துவோரும் இவ்விபத்துகளைக் கண்டு வாளா இருந்தாரல்லர். வீழ்ந்த கணத்தில் தானே ஊதி விரிந்து மார்பையும் முதுகையும் காக்கும் காற்றுப்பை பொருந்திய மேலங்கியை 2021 முதல் மோட்டார் சைக்கிள் வீரர் அனைவரும் அணிதல் வேண்டும் என விதித்தனர். ஒவ்வொரு வண்டியிலும் இருப்பிடத்தை அறிவிக்கும் கருவி உண்டு. வண்டி அசைவற்று நின்றால் பாரிசிலுள்ள கண்காணிப்பு நிலையத்தார் அறிந்து, மருத்துவரை ஹெலிகாப்டரில் ஏவுவர். நம் நெடுஞ்சாலையில் நாள்தோறும் வீழ்வோர்க்கும் இத்துணை விரைவில் உதவி கிட்டுமாயின் எத்துணை உயிர் பிழைக்கும்!

சந்தோஷ் பெங்களூரை அடுத்த நாட்டுப்புறத்தில் மண்தடம் ஒன்று அமைத்து, மேடுபள்ளத்தில் வண்டி ஓட்டும் முறையைப் பிறருக்குப் பயிற்றும் களம் ஒன்றையும் நிறுவியுள்ளார். தமக்கு இளமையில் கிடைக்காத ஆசானைப் பின்வருவோர்க்கு அவர் தேடித் தந்தார் எனலாம். எழுந்து நிற்றல், முழங்காலால் வண்டியைப் பற்றுதல், பார்வையைத் தொலைவில் வைத்தல், வீழும்போது எவ்வாறு வீழ்தல் என இக்கலையிலும் பாலபாடம் உண்டு.

அவர் திறந்த வழியில் வேறு சிலரும் சென்றனர். கருநாடகத்துக் கே. பி. அரவிந்த், நம் ஓசூர் டி.வி.எஸ். நிறுவனமும் பிரெஞ்சு நாட்டு ஷெர்கோ நிறுவனமும் கூடி அமைத்த குழுவில் ஓடினார். இரண்டு ஆண்டுகள் காயமுற்று விலகிய பின், மூன்றாம் முயற்சியாக 2019-இல் முப்பத்தேழாம் இடத்தில் முடித்தார். பெங்களூரைச் சேர்ந்த ஐசுவரியா பிஸ்ஸே என்னும் பெண்மணி அதே 2019-ஆம் ஆண்டில், குறுகிய பாலைவன ஓட்டங்களுக்கான உலகக் கோப்பையை மகளிர் பிரிவில் வென்றார். கேரளத்துச் சொரனூரில் பிறந்த ஹரித் நோவா, ஓசூர்க் குழுவின் வண்டியிலேயே 2021-ஆம் ஆண்டு டக்கார் ஓட்டத்தில் இருபதாம் இடம் பெற்றார். சந்தோஷ் மருத்துவமனையில் கிடந்த அதே ஓட்டம் அது. 2023-இல் தொடக்கத்திலேயே வீழ்ந்து ஹரித்துக்கு முதுகெலும்பில் காயம் ஏற்பட்டது. எழுந்து நடக்கப் பழகி, மீண்டும் வண்டியேறி, 2024 சனவரியில் அரேபியாவில் ஓடியபோது அவர் பதினோராம் இடத்தில் முடித்தார்; 'ராலி 2' என்னும் பிரிவில் முதல்வராகவும் வந்தார். டக்கார் ஓட்டத்தின் ஒரு பிரிவில் இந்தியர் ஒருவர் முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை.